ஒத்த ஆளுக்கு எதுக்கு அடுப்பு?

என் அக்கா பையன் சென்னையில ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கிறான். இன்னும் கல்யாணம் ஆகல, தனி வீடு எடுத்துத் தங்கியிருக்கான். போன வாரம் போன்ல பேசும்போது, "சமைக்கணும்னு தோணவே மாட்டேங்குது மாமா. கேஸ், குக்கர், மிக்ஸி எல்லாம் இருக்கு. ஒரு ஆளுக்குத்தானேன்னு நெனச்சா கை ஓட மாட்டேங்குது. மோட்டிவேஷனே இல்ல. உங்களுக்கென்ன, கிராமத்துல கூழு, கீரைன்னு நல்லா சாப்பிடுவீங்க"ன்னான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவன் சொன்னதுல ரெண்டு பொய் இருக்கு. ரெண்டையும் உங்கள்ல நிறைய பேர் நம்பிக்கிட்டு இருக்கீங்க.

முதல் பொய், கிராமத்துல எல்லாரும் நல்லா சாப்பிடுறாங்கங்கிறது.

எங்க ஊர் மந்தாரக்குப்பத்துக்குப் பக்கம். செம்மண் பூமி. முந்திரி, பலா, மல்லாட்டை (நீங்க வேர்க்கடலைன்னு சொல்றதுதான்) நல்லா வரும். எங்க தெருவுல ஒத்த ஆளா இருக்கிற வீடு மட்டும் ஆறு. பிள்ளைங்க சென்னை, திருப்பூர், துபாய்னு போயிட்டாங்க. அந்த ஆறு வீட்டுல காலைச் சாப்பாடு என்னன்னு தெரியுமா? டீயும் பொறையும். மத்தியானம், நேத்து வடிச்ச சோத்துல தண்ணி ஊத்தி பாக்கெட் ஊறுகாய். ராத்திரிக்கு மறுபடி டீ, இல்லன்னா கடைத்தெருவுல வாங்கின பரோட்டா. நீங்க நினைக்கிற கூழு ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல ஊத்தும்போதுதான் எங்களுக்கும் கிடைக்குது.

இதுல ஒரு வேடிக்கை. எங்க மண்ணுக்கு அடியில இருந்து தோண்டுற பழுப்பு நிலக்கரியில 1962லிருந்து கரண்ட் எடுக்கிறாங்க. ஒரு காலத்துல இதே நிலக்கரியிலிருந்து 'லெக்கோ'ன்னு அடுப்புக்கரி செஞ்சு வித்தாங்க, உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. ஊருக்கெல்லாம் நெருப்பு குடுத்த மண்ணுல, ஒத்த ஆள் இருக்கிற வீட்டு அடுப்பு மட்டும் சில்லுன்னு கிடக்குது.

அந்த ஆறு வீட்டுல ஒரு வீடு என்னோடது.

என் வீட்டுக்காரி தவறி மூணு வருஷம் ஆச்சு. முதல் எட்டு மாசம் நான் அடுப்பைத் தொடல. சாயங்காலம் வண்டியை எடுத்துக்கிட்டு மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போவேன். ஷிப்ட் முடிச்சு வர்றவங்க, லாரி டிரைவருங்க, அவங்களோட நானும் ஒருத்தனா உக்காந்து பரோட்டா சால்னா சாப்பிட்டுட்டு வருவேன். அந்தக் கடைகளை நான் குறை சொல்லல. ராத்திரி ஷிப்ட் முடிச்சு வர்றவனுக்கு அதுதான் சோறு. ஆனா தினமும் அதையே சாப்பிட்டேனே, அது என் தப்பு. எட்டாவது மாசம் ரத்தம் டெஸ்ட் எடுத்தப்ப, சர்க்கரை மூணு மாசச் சராசரி ஒன்பதைத் தாண்டியிருந்தது. "வீட்டுல யாரு சமைக்கிறாங்க?"ன்னு டாக்டர் கேட்டாங்க. "யாரும் இல்லீங்க"ன்னு சொன்னேன். "நீங்க இருக்கீங்களே"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

என் கதையை விடுங்க. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கதையைக் கேளுங்க. அறுபத்தெட்டு வயசு. ரெண்டு கறவை மாடு. விடியக்காலம் நாலரைக்கு எழுந்து புண்ணாக்கு கரைச்சு, தவிடு கலந்து, கழனித்தண்ணி காட்டிடுவாங்க. மாட்டுக்கு ஒரு நாளும் நேரம் தவறினது இல்ல. போன முந்திரி சீசன்ல கொட்டை பொறுக்கப் போன இடத்துல மயங்கி விழுந்துட்டாங்க. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ரத்தம் ஏழுதான் இருந்தது.

திரும்பி வரும்போது, "என்னதான் சாப்பிடுறீங்க பெரியம்மா?"ன்னு கேட்டேன்.

"அவரு போனதுலேர்ந்து எனக்கு மட்டும் எதுக்கு தம்பி அடுப்பு மூட்டணும்?"னாங்க.

இவங்களைச் சோம்பேறின்னு யாராவது சொல்ல முடியுமா? மே மாசம் பேரப்பிள்ளைங்க வந்தா இதே பெரியம்மா மீன் குழம்பு, அடை, அதிரசம்னு நாள் பூரா அடுப்படியில நிக்கிறாங்க. அப்ப கையும் ஓடுது, காலும் ஓடுது. பிள்ளைங்க பஸ் ஏறினதும் அடுப்பு அணைஞ்சிடுது. தனக்காக ஒரு அடுப்பு எரியலாம்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலங்க.

நாமதான் சொல்லிக் குடுக்கல. நாப்பது வருஷம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியா உக்காந்து சட்டியை வழிச்சுச் சாப்பிட்டவங்க அவங்க. மிச்சத்தைச் சாப்பிட்டே பழகினவங்களுக்கு, மிச்சம் வைக்க ஆள் இல்லன்னா சாப்பாடே இல்ல. ஆம்பளைங்க கதை வேற. இலை போட்டா சோறு தானா வரும்னு நெனச்சு வளர்ந்தோம். இலை போட ஆள் இல்லாம போனதும் கடையைத் தேடிப் போறோம். என் அக்கா பையனும் அப்படித்தான். "ஆம்பளப் புள்ளைக்கு இங்க என்னடா வேலை?"ன்னு அடுப்படியிலிருந்து விரட்டினது என் அக்காதான். வியாதி ஒண்ணுதான். அடுத்தவங்களுக்குச் செஞ்சாதான் அது சமையல்னு ரெண்டு பேரும் நம்புறாங்க.

மந்தாரக்குப்பத்துல கடலூர் பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல வடலூர். 1867ல வள்ளலார் அங்க தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அது இன்னைக்கு வரைக்கும் அணையல, போற வர்ற எல்லாருக்கும் சோறு போடுறாங்க. தைப்பூசத்துக்குப் போயிட்டு வந்து, அந்த அணையா அடுப்பைப் பத்திப் பெருமையா பேசுறோம். பசின்னு வந்த எந்த உயிருக்கும் சோறு போடணுங்கிறதுதான் அந்த ஊர் சொல்ற பாடம். நான் கேக்கிறது ஒண்ணுதான். உங்க வயித்துக்குள்ள பசிக்கிறதும் ஒரு உயிர்தானே? அதை மட்டும் ஏன் கணக்குல சேர்க்க மாட்டேங்கிறீங்க?

ரெண்டாவது பொய்க்கு வர்றேன். மோட்டிவேஷன் வந்தாதான் சமைக்க முடியுங்கிறது.

எங்க பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் ராத்திரியில வந்தா, ராத்திரியிலதான் எழுந்து தண்ணி பாய்ச்சணும். அந்த நேரத்துல எந்த விவசாயிக்கும் தண்ணி கட்டணும்னு ஆசையா தோணாது. போர்வையை உதறிட்டு எழுந்து போறோம், ஏன்னா பயிர் காய்ஞ்சிடும். வரப்புல பத்து நிமிஷம் நடந்த பிறகு தூக்கம் தானா போயிடும். அடுப்பும் அப்படித்தான். பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஆசை வராது. வெங்காயம் வதங்குற வாசனை வந்த பிறகுதான் வரும். ஆசை வரட்டும்னு காத்திருந்தா டீயும் பொறையும்தான்.

அதுக்காக வெறும் மன உறுதியை வச்சு சமைங்கன்னு நான் சொல்லல. நிஜமான தடைகள் இருக்கு. முதல் தடை பாத்திரம். என் வீட்டுல இருந்த சின்ன சட்டியே நாலு பேருக்கு. குக்கர் அஞ்சு லிட்டர். அதுல அரை ஆழாக்கு அரிசியைப் போட்டா அடியில ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கும். ஒன்றரை லிட்டர் குக்கர் ஒண்ணும், கைப்பிடி வச்ச சின்ன வாணலி ஒண்ணும் வாங்கினேன். பாதிப் பிரச்சினை அன்னைக்கே தீர்ந்தது. பெரிய பாத்திரத்தையெல்லாம் பரண்ல ஏத்திட்டேன்.

அடுத்து, தினமும் மூணு வேளை சமைக்கணும்னு கங்கணம் கட்டிக்காதீங்க, மூணாம் நாள் விட்டுடுவீங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவை அடுப்பு எரிஞ்சா போதும். புளிக்குழம்பு ரெண்டு நாள் தாங்கும், ரெண்டாம் நாள்தான் ருசியே. முருங்கைக்கீரை உருவ பத்து நிமிஷம். முட்டை வேக வைக்கத் தனிக் கலை எதுவும் வேண்டாம். "ஒரு ஆளுக்குச் சமைச்சா நஷ்டம்"னு கணக்கு சொல்றவங்க, கடையில குடுத்த காசையும் அப்புறம் மாத்திரைக்குக் குடுத்த காசையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கட்டும்.

சமைச்சதைத் தட்டுல போட்டு, உக்காந்து சாப்பிடுங்க. வாணலியிலேயே கரண்டியை விட்டு நின்னுக்கிட்டே சாப்பிடாதீங்க. விருந்தாளி வந்தா அப்படியா பரிமாறுவீங்க?

ரூம்ல அடுப்பே வைக்கக் கூடாதுன்னு சொல்ற வீட்டுக்காரர்கிட்ட குடியிருக்கிறவங்களையும், பன்னிரண்டு மணி நேரம் வேலை செஞ்சு விழுறவங்களையும் நான் இதுல சேர்க்கல. அவங்களுக்கு வேண்டியது நேரமும் இடமும். அதுக்கு வேற சண்டை போடணும். நான் பேசுறது அடுப்பும் அரிசியும் இருந்தும் 'எனக்கு மட்டும் எதுக்கு?'ன்னு கேக்கிறவங்ககிட்ட.

கடைசியா, ஊர்ல அப்பாவையோ அம்மாவையோ தனியா விட்டுட்டு வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி போன் பண்ணி "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேக்காதீங்க. "ஆச்சுப்பா"ன்னுதான் பதில் வரும். டீ குடிச்சிருந்தாலும் ஆச்சுதான். என் மகளுக்கு நானும் எட்டு மாசம் அந்தப் பொய்யைத்தான் சொன்னேன். "இன்னைக்கு என்ன குழம்பு?"ன்னு கேளுங்க. "எப்படி வச்சீங்க, புளி எவ்வளவு?"ன்னு கேளுங்க. அதுக்குப் பொய் சொல்றது கஷ்டம்.

நான் பெரியம்மாவை இப்ப தினமும் அப்படித்தான் கேக்கிறேன். வாரத்துல மூணு நாள் குழம்பு பேரு வருது, மீதி நாள் பேச்சை மாத்திடுறாங்க. நானும் விடுறதில்ல.

அக்கா பையனுக்கும் நேத்து போன் பண்ணினேன். ரசம் வச்சானாம், உப்பு கூடிடுச்சாம். நாளைக்குக் குறைச்சுப் போடுன்னு சொன்னேன்.

என் வீட்டுல இன்னைக்கு பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு. ஒரு ஆளுக்குத்தான்.