மொட்டு விட்டால் மட்டும் போதுமா?

பழைய புராஜெக்ட் ரெக்கார்டுகளைப் புரட்டிப் பாருங்கள். காட்டு மண்ணில் எடுத்தாலும் சரி, பழத்தோலில் எடுத்தாலும் சரி, மைக்ராஸ்கோப்பில் ஒரு செல் மொட்டு விட்டு நின்றால் உடனே 'சாக்கரோமைசிஸ் செரிவிசியே' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கி விடுகிறார்கள். கருமத்தம்பட்டியில் பேக்கரிக்குப் பஞ்சமில்லை, அதனால் ஈஸ்ட் என்றாலே பன்தான் ஞாபகம் வருகிறது போலும்!

இது தப்புங்க. காட்டு மண்ணில் குடியிருப்பவர்களே வேறு. லிப்போமைசிஸ் என்று ஒன்று, மண்தான் அதற்கு வீடு. சர்க்கரையை நொதிக்க வைக்காது. டர்ஹாம் குழாயில் ஒரு குமிழிகூட வராது. "கேஸ் வரலை, ஈஸ்ட் இல்லை" என்று பிளேட்டைத் தூக்கிப் போடுகிறவர், வீட்டுக்காரனையே வெளியே தள்ளுகிறார். தன் செல்லுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இதிலிருந்து பயோடீசல் எடுக்கலாமா என்றுகூட ஆராய்கிறார்கள்.

இன்னொன்று விளையாட்டே அல்ல. கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸும் மொட்டு விடுகிற ஈஸ்ட்தான். புறா எச்சம் கலந்த மண்ணில் இருக்கும். மூச்சு வழியாக உள்ளே போய், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மூளை உறையைத் தாக்கும். அதன் பங்காளியான கிரிப்டோகாக்கஸ் கேட்டி, யூக்கலிப்டஸ் மரத்தை ஒட்டி வாழ்வதை 1990-ல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். பிறகு நம் நாட்டு யூக்கலிப்டஸிலும் கிடைத்தது. நீலகிரியில் அந்த மரத்துக்குப் பஞ்சமா? தெரியாத பிளேட்டைத் திறந்து "பன் வாசம் வருதாடா?" என்று மோந்து பார்க்கிற பழக்கம் இனி வேண்டாம். ஒரு சொட்டு இந்தியன் இங்க் விட்டுப் பாருங்கள். செல்லைச் சுற்றி வெளிர் வளையம் தெரிந்தால், அது சாதுவானதாகவே இருக்கலாம். ஆனாலும் மூடி வைத்து ஆசிரியரைக் கூப்பிடுங்கள். யூரியேஸ் டெஸ்டில் இளஞ்சிவப்பு வந்தாலும் அது பேக்கரி ஈஸ்ட் இல்லை.

சரி, பெயர்? அதை டி.என்.ஏ.தான் சொல்ல வேண்டும். குர்ட்ஸ்மன், ராப்நெட் இருவரும் 1998-ல் சுமார் 500 இனங்களின் ரைபோசோம் மரபணுவில் ஒரு துண்டை ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 600 எழுத்துள்ள அந்தத் துண்டில் 1 சதவீதத்துக்கு மேல், அதாவது 6 எழுத்துக்கு மேல் மாறினால், பெரும்பாலும் வேறு இனம். லாகர் பீரின் கலப்பின ஈஸ்டுக்கு ஒரு பெற்றோர் யாரென்று தெரியாமலே இருந்தது. 2011-ல் பாட்டகோனியா காட்டில் அகப்பட்ட ஈஸ்டை இப்படி மரபணு பார்த்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

நம்ம லேபில் அந்த வசதி இல்லை, வெளியே பணம் கட்டித்தான் பார்க்க வேண்டும். பணம் இல்லையென்றால் 'ஈஸ்ட், இனம் உறுதியாகவில்லை' என்று எழுதட்டுமே! அதற்கு மார்க் குறைக்கக் கூடாது என்பதே என் கோரிக்கை. மண் எடுக்கும் முன் வனத்துறை அனுமதி வாங்குங்கள். ஒருவேளை புது இனமே கிடைத்து விட்டால், 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி அதன் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். நுண்ணுயிர்களுக்குச் சண்டிகரில் எம்.டி.சி.சி. இருக்கிறது.