எந்த நோய்க்கு எவ்வளவு பணம்?

நோய் ஆராய்ச்சிக்கு அரசு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயும் மக்களின் வரிப்பணம். அது எந்த நோய்க்குப் போக வேண்டும், யார் முடிவு செய்வது, கணக்கை யாரிடம் காட்டுவது என்பவை பொதுமக்களுக்கும் உரிய கேள்விகள். எல்லாத் துறை ஆராய்ச்சிகளுக்கும் சேர்த்து 2020-21இல் இந்தியா செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான். மருத்துவ ஆராய்ச்சிக்குக் கிடைப்பது அதிலும் ஒரு பகுதி. இருப்பு குறைவாக உள்ளபோது பங்கீட்டில் பிழை நேர்ந்தால் இழப்பு பெரிது.

பங்கீட்டின் முதல் அளவுகோல் நோயின் சுமை. இறப்பு எண்ணிக்கை மட்டும் இதற்குப் போதாது. அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளையும், நோயோடும் ஊனத்தோடும் கழியும் ஆண்டுகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். ஆகவே புதிய காசநோய் மருந்தில் தனியார் நிறுவனங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. சந்தை கைவிடும் இத்தகைய நோய்களுக்கே அரசுப் பணம் முதலில் சேர வேண்டும்.

அரசுப் பணத்தால் என்ன சாதிக்க முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), அன்றைய மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகியவை சேர்ந்து 1956இல் இங்கு ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. நெரிசலான வீட்டில், போதிய உணவின்றி இருப்பவரும் முறையாக மருந்து உட்கொண்டால், சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவருக்கு இணையாகக் குணமடைகிறார் என்று 1959இல் அந்த ஆய்வு காட்டியது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு நகர அதுவே வழிவகுத்தது. எந்த மருந்து நிறுவனமும் எழுப்பியிருக்காத கேள்வி அது.

சுமை ஒன்றையே பார்த்தாலும் தவறு நேரும். அரிய நோய்களால் அவதிப்படுவோர் எண்ணிக்கையில் என்றும் பின்தங்கியே இருப்பார்கள். நாளைய தொற்றுக்கு இன்று சுமையே இருக்காது. அடிப்படை அறிவியலில் ஒரு வாசல் திறக்கும்போது அதையும் தவறவிடக் கூடாது. எனவே நிதியின் பெரும்பகுதி சுமைக்கேற்பவும், குறிப்பிட்ட பங்கு அரிய நோய்களுக்கும் அடிப்படை ஆய்வுக்கும், ஒரு பங்கு அவசரகாலக் கையிருப்பாகவும் பிரிக்கப்படுவதே முறை.

2023இல் சட்டத்தின் மூலம் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திட்டமிடப்பட்டது. அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. வெளிப்பணம் லாபம் உள்ள பக்கமே சாயும் என்பதால், அரசின் பங்கு ஏழைகளின் நோய்களுக்கு உறுதி செய்யப்பட வேண்டும்.

அடுத்தது தேர்வு. விண்ணப்பங்களைத் துறை வல்லுநர்கள் மதிப்பிட வேண்டும். விண்ணப்பித்த நிறுவனத்தோடு தொடர்புள்ளவர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. நிராகரிப்புக்கு எழுத்தில் காரணம் தர வேண்டும். பெருநகர நிறுவனங்களோடு மாவட்ட மருத்துவக் கல்லூரிகளுக்கும் வாய்ப்பு வேண்டும். எது முக்கியம் என்று முடிவெடுக்கும் கட்டத்தில் நோயாளிகளின் பிரதிநிதிகளும் அமர வேண்டும்.

தேர்ந்தெடுத்த பிறகு பணம் நேரத்தில் போய்ச் சேர வேண்டும். நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு, நிதியாண்டின் இறுதியில் அடுத்த தவணைக்காகக் காத்து நின்றால் பாதியில் முறியும். ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமானால் திறமையானவர்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். தில்லி எய்ம்ஸில் 1980களில் கண்டறியப்பட்ட ஒரு ரோட்டா வைரஸ் வகை, ரோட்டாவாக் தடுப்பூசியாகித் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது 2016இல். வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்கும் இந்த மலிவான தடுப்பூசி உருவானதில், முப்பது ஆண்டுகள் பொறுத்த பொதுநிதிக்கு முக்கியப் பங்கு உண்டு.

இறுதியாக, முடிவு எதுவானாலும் வெளியிடப்பட வேண்டும். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி, இரண்டரை லட்சம் பேருக்கு மேல் பங்கேற்ற, பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி பற்றிய ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிவித்தது. எதிர்பார்ப்புக்கு மாறான அந்த முடிவு வெளியானதால் புதிய தடுப்பூசியின் தேவை உலகுக்குத் தெளிவானது. பொதுப்பணத்தில் பிறந்த ஆய்வுக் கட்டுரை கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். அதிலிருந்து உருவாகும் மருந்தின் விலைக்கு ஒப்பந்தத்திலேயே வரம்பு வேண்டும்.

எந்த நோய்க்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, என்ன கிடைத்தது என்ற பட்டியலை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைத்து விவாதிப்பது அரசின் கடமை. அந்தப் பட்டியலைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை.