ஃப்ரீ கேமுக்குக் காசு கொடுக்கலாமா? 'வாங்கு' பட்டனை அழுத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2020 டிசம்பர் 31. ஃபேஸ்புக்கில் 11 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த ஃபார்ம்வில் கேம் அன்றோடு மூடப்பட்டது. அது அடோபியின் ஃப்ளாஷ் தொழில்நுட்பத்தில் இயங்கிய பிரவுசர் கேம். அந்த ஆண்டு இறுதியோடு ஃப்ளாஷுக்கு அடோபி முழுக்குப் போட்டது. பிரவுசர்களும் அதைக் கைவிட்டன. கேமை நடத்திய ஜிங்கா நிறுவனம் இதை முன்கூட்டியே அறிவித்து, நவம்பர் 17-ம் தேதியோடு புதிதாகப் பொருள் வாங்கும் வசதியை நிறுத்தியிருந்தது.

அதுவரை காசு போட்டு வாங்கிய டிராக்டர், மாட்டுக்கொட்டகை, வேலி எல்லாம் என்ன ஆனது? கேமோடு சேர்ந்து அவையும் போயின.

ஒரு பைசா கட்டாமல் விளையாடக்கூடிய கேமில், கூடுதல் லெவல், கூடுதல் வசதி, கலர் சட்டை என்று காசு கொடுத்து வாங்குவது சரியா, வீணா? "ஃப்ரீயா கிடைக்கிறதுக்கு யாராவது காசு கொடுப்பாங்களா" என்று கேட்பவர்கள் ஒருபக்கம். "மாசம் ஒரு பிரியாணி காசுதானே" என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே பாதி பதில்தான். காசு கொடுக்கலாமா என்பதைவிட, அந்தக் காசுக்கு என்ன விற்கிறார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி.

ஃப்ரீ கேமுக்கு யார் செலவு செய்கிறார்கள்?

சர்வர், புரோகிராமர்கள், டிசைனர்கள், வாடிக்கையாளர் சேவை... எதுவும் இலவசம் இல்லை. அந்தச் செலவை ஈடுகட்ட விளம்பரம், நன்கொடை, விற்பனை என மூன்று வழிகள்தான் பெரும்பாலும் இருக்கின்றன.

விற்பனையை நம்பும் கேம்களில் ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. ஆடுபவர்களில் பெரும்பாலானோர் கடைசிவரை காசே கொடுப்பதில்லை. ஃபார்ம்வில்லை மாதத்துக்கு 8 கோடிக்கும் மேற்பட்டோர் ஆடிய காலத்திலும் இதுதான் நிலை. ஜிங்காவின் கேம்களில் காசு கொடுத்தவர்கள் நூறில் இரண்டு, மூன்று பேர்தான்.

ஆனால் அந்தச் சிலரிடமிருந்து வந்த பணம் சிறியதல்ல. 2011-ல் தன் மொத்த வருமானத்தில் சுமார் 12 சதவீதம் ஜிங்கா மூலம் வந்ததாக ஃபேஸ்புக்கே தனது பங்கு வெளியீட்டு ஆவணத்தில் சொன்னது. கேமுக்குள் நடந்த விற்பனைக்கான கமிஷனும், ஜிங்கா கொடுத்த விளம்பரங்களும் சேர்ந்த கணக்கு அது.

இப்படி அள்ளிக் கொடுக்கும் சிலரை கேம் துறையில் 'திமிங்கலம்' என்பார்கள். சூதாட்ட விடுதிகளில், பெரிய தொகையை வைத்து ஆடுபவர்களுக்குச் சூட்டப்பட்ட பட்டப்பெயர் இது. எல்லாத் திமிங்கலமும் பணக்காரர் இல்லை என்பதுதான் இதில் கவலைக்குரிய விஷயம். கட்டுப்பாடு இழந்து செலவு செய்பவரும், பெற்றோரின் கார்டில் அழுத்தும் சிறுவனும்கூட அதே பட்டியலில்தான் வருவார்கள்.

அப்படி என்னதான் விற்கிறார்கள்?

பொதுவாக நான்கு வகை.

1. கூடுதல் உள்ளடக்கம்: வேர்டில் நல்ல உதாரணம். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது. அன்றாடப் புதிர் இன்றும் இலவசம். பழைய புதிர்களின் தொகுப்பை 2024-ல் திறந்தார்கள், அது சந்தாதாரர்களுக்கு மட்டும். செஸ்.காம் தளத்திலும் ஆட்டம் இலவசம். ஆடிய ஆட்டத்தை அலசிப் பார்ப்பது, புதிர்கள் போன்றவை ஓர் அளவுக்கு மேல் வேண்டுமென்றால் சந்தா. சந்தா கட்டினால் உங்கள் ரேட்டிங் ஏறிவிடாது. அதை நீங்கள்தான் ஆடி ஏற்ற வேண்டும்.

2. அலங்காரம்: தொப்பி, சட்டை, வண்டிக்கு வேறு நிறம். ஆட்டத்தின் முடிவை இது மாற்றாது. தேவையா என்றால் தேவையில்லை. பிடித்திருந்தால் வாங்கலாம், அவ்வளவுதான்.

3. நேரம்: சிக்கல் தொடங்கும் இடம் இது. ஃபார்ம்வில்லில் விதைத்த பயிரை உரிய நேரத்தில் வந்து அறுக்காவிட்டால் வாடிப்போகும். வாடிய பயிரைக் காப்பாற்றக் காசு கொடுக்கலாம். நிஜத்தில் அங்கே வெயிலும் இல்லை, வறட்சியும் இல்லை. பயிரை வாடவைத்ததும் நிறுவனம், அதற்கு மருந்து விற்றதும் அதே நிறுவனம். 'எட்டு மணி நேரம் காத்திருங்கள், அல்லது 20 வைரம் கொடுங்கள்' என்று கேட்கும் எல்லா கேமும் இதே வியாபாரத்தைத்தான் செய்கிறது.

4. அதிர்ஷ்டம்: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்கும் பெட்டி, சுழற்றும் சக்கரம். கிட்டத்தட்ட லாட்டரி. சில கேம்களில் இருந்த இந்தப் பெட்டிகள் தங்கள் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானவை என்று பெல்ஜியம் 2018-லேயே அறிவித்தது.

ஒரே கேம், இரண்டு முகம்

முதல் வகைக்கும் நான்காம் வகைக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள ரூன்ஸ்கேப் கேமின் கதை போதும். பிரிட்டனின் ஜாஜெக்ஸ் நிறுவனத்தின் இந்த கேம் 2001-ல் பிரவுசரில்தான் தொடங்கியது. 2002-ல் மாதச் சந்தா வந்தது. இலவசமாக ஆடுபவர்களுக்கு ஒரு பகுதி. சந்தா கட்டினால் கூடுதல் நிலப்பரப்பு, கூடுதல் திறன்கள், கூடுதல் கதைகள். எவ்வளவு கொடுக்கிறோம், என்ன கிடைக்கிறது என்று இரண்டும் முன்பே தெரியும். பலர் வருடக்கணக்கில் சந்தோஷமாகக் கட்டினார்கள்.

2012-ல் அதே கேமுக்குள் பரிசுச் சக்கரம் ஒன்று வந்தது. தினமும் சில சுற்று இலவசம், மேலும் சுற்ற வேண்டுமென்றால் காசு. பிறகு அது 'ட்ரெஷர் ஹன்டர்' என்று பெயரும் உருவமும் மாறித் தொடர்ந்தது. சந்தா கட்டியவர்களே கொதித்தார்கள். மாதக்கணக்கில் உழைத்து ஏற்றும் நிலையை ஒருவர் பணத்தால் சுருக்கிவிட முடியும் என்றால், தங்கள் உழைப்புக்கு என்ன மதிப்பு என்பது அவர்கள் கேள்வி. 2025 நவம்பரில் நிறுவனம் ஒரு வாக்கெடுப்பு வைத்தது. ஒரு லட்சம் வாக்கு கிடைத்தால் ட்ரெஷர் ஹன்டரை நீக்குகிறோம் என்றது. வாக்குகள் குவிந்தன.

இத்தனைக்கும் அந்த ஆட்டக்காரர்கள் காசு கொடுக்கத் தயங்கியவர்கள் இல்லை. அவர்கள் எதிர்த்தது விற்பனையை அல்ல, விற்கப்பட்ட பொருளை.

காசே வாங்காமல் நடத்த முடியாதா?

முடியும். செஸ்.காமுக்குப் போட்டியாக இருக்கும் லிச்செஸ்தான் சாட்சி. 2010-ல் பிரெஞ்சு புரோகிராமர் திபோ துப்ளெஸ்ஸி தொடங்கிய இந்தத் தளத்தில் விளம்பரம் இல்லை. சந்தாவுக்குள் பூட்டிவைத்த வசதியும் இல்லை. லாப நோக்கமற்ற அமைப்பாக நன்கொடையில் ஓடுகிறது. நன்கொடை கொடுத்தால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறகுச் சின்னம் வரும், அவ்வளவுதான். வரவு செலவையும் பொதுவில் வைக்கிறார்கள்.

ஆனால் எல்லா கேமும் லிச்செஸ் ஆகிவிட முடியாது. செஸ்ஸுக்குப் புதிய விதி எழுதவோ, புதிய கதை உருவாக்கவோ வேண்டியதில்லை. மாதாமாதம் புதிய உலகத்தை வரைய வேண்டிய கேமுக்கு அந்த வேலையைச் செய்பவர்களுக்குச் சம்பளம் வேண்டும். யாருமே கொடுக்காவிட்டால் ஒன்று கேம் நின்றுபோகும், இல்லை விளம்பரங்கள் திரையை நிரப்பும். அதனால், பிடித்த கேமுக்குக் காசு கொடுப்பது ஏமாளித்தனம் இல்லை.

விலை ஏன் வைரத்தில் இருக்கிறது?

ஓர் உதாரணக் கணக்கு. 100 வைரம் கொண்ட பேக் 89 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் விரும்பும் தொப்பியின் விலை 130 வைரம். ஒரு பேக் போதாது, இரண்டு வாங்க வேண்டும். 178 ரூபாய் போய்விட்டது, கையில் மிச்சம் 70 வைரம். 'இதை வீணாக்குவானேன், இன்னொரு பேக் வாங்கினால் அந்தக் குதிரையும் கிடைக்குமே' என்று மனசு சொல்லும். அப்படிச் சொல்லவைப்பதற்காகவே விலை அப்படி வைக்கப்படுகிறது. 130 வைரம் என்பது எத்தனை ரூபாய் என்று அந்த நொடியில் யாரும் கணக்குப் போடுவதில்லை.

2025 மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள், ஸ்வீடனின் 'ஸ்டார் ஸ்டேபிள்' என்ற குதிரை கேம் மீதான நடவடிக்கையின்போது இதைத்தான் சுட்டிக்காட்டின. கேமுக்குள் விற்கும் பொருளின் விலையை உண்மையான பணத்திலும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த கோட்பாடுகளில் ஒன்று.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பிரவுசர் கேம் இல்லை என்றாலும் ஃபோர்ட்நைட் வழக்கு இங்கே பொருந்தும். குழப்பமான பட்டன்களால் தெரியாமல் வாங்கவைத்தது, பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தைகள் செலவு செய்ய வழிவிட்டது ஆகிய புகார்களுக்காக, அதன் நிறுவனமான எபிக் கேம்ஸ் 24.5 கோடி டாலரை நுகர்வோருக்குத் திருப்பித்தர அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் கேம்களைத் தடை செய்கிறது. பொழுதுபோக்குக்கான கேம்கள் வேறு பிரிவு. பந்தயமாக இல்லாதவரை, அவற்றுக்குச் சந்தாவோ ஒருமுறைக் கட்டணமோ வாங்கலாம் என்கிறது சட்டம். ஆக, நாம் பேசும் வகை கேம்களுக்குக் காசு கொடுப்பது குற்றமில்லை.

அதற்கு முன்பே, 2023 நவம்பரில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகையான 'டார்க் பேட்டர்ன்'களைத் தடை செய்தது. 'இன்னும் 10 நிமிடம்தான் இந்த விலை' என்ற பொய் அவசரம், வெளியே வர முடியாத சந்தா பொறி, 'வேண்டாம்' என்றாலும் விடாத நச்சரிப்பு எல்லாம் அதில் உண்டு. மாதச் சந்தா தானாகக் கழியும் என்றால், 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

ஆனால் ஃபார்ம்வில் போல கேமே மூடப்பட்டால்? நீங்கள் வாங்கியது பொருள் அல்ல, கேம் இருக்கும்வரை பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்றுதான் பெரும்பாலான நிறுவனங்களின் விதிமுறைகள் சொல்கின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. இது வெறும் அனுமதிதான் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்குப் பக்கத்தில் 'வாங்கு' என்று எழுதக் கூடாது.

அப்போ கொடுக்கலாமா, வேண்டாமா?

இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

• ரூபாயில் எவ்வளவு என்று வாங்கும் முன்பே தெரிகிறதா?

• என்ன கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிகிறதா, அல்லது அதிர்ஷ்டமா?

• கேமுக்குப் புதிதாக ஒன்று கிடைக்கிறதா, அல்லது கேமே உண்டாக்கிய எரிச்சலை நீக்கத்தான் கேட்கிறார்களா?

• அடுத்த மாதம் கேம் மூடப்பட்டால், இதுவரை ஆடிய சந்தோஷத்துக்கு இந்தத் தொகை சரி என்று தோன்றுமா?

நான்குக்கும் திருப்தியான பதில் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். சினிமா டிக்கெட்டைப் போல நினைத்துக்கொள்ளலாம். படம் முடிந்ததும் யாரும் தியேட்டரை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. காத்திருப்பைத் தவிர்க்கவும் சக்கரத்தைச் சுற்றவும் கேட்கும் காசை மட்டும் கொடுக்காதீர்கள். அங்கே நாம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், காத்திருப்பை இன்னும் நீட்டினால் லாபம் வரும் என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

பணம் தவறாகக் கழிந்திருந்தால் முதலில் கேம் நிறுவனத்திடமும், பணம் கட்டிய ஆப் அல்லது வங்கியிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.