நித்திரையில் பற்கடிப்பு



கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பின்பு, மாரிக்குப்பத்தில் விடியுமுன் இரயிலேறி, பெங்களூரில் உழைத்து, இரவில் வீடு திரும்புகிற குடும்பங்கள் அநேகம். பகலில் அடக்கிய கவலை, நித்திரையில் பற்கடிப்பாக வெளிப்படுவதுண்டு. "காதுவலி, ஜெபியுங்கள் பாஸ்டர்" என்று வருகிறவர்களில் சிலருக்கு நோவு காதில் அல்ல, காதுக்குச் சற்று முன்னேயுள்ள தாடை மூட்டில் இருக்கிறது.

அம்மூட்டின் எலும்புகளுக்கு நடுவே மெல்லிய வட்டு ஒன்று உண்டு. அது இடம் விலகினால் வாய் திறக்கையில் 'டக்' என்ற ஓசை கேட்கும். சிலருக்கு வாய் பூட்டிக்கொள்ளும். தசைகள் இறுகும்போது நெற்றிப்பொட்டிலும் கழுத்திலும் வலி பரவும். வலியில்லாத வெறும் ஓசைக்குப் பயப்படவேண்டாம்.

ஜெபித்துவிட்டுப் பல் மருத்துவரிடம் போவது அவிசுவாசம் அன்று. பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. சிலநாள் மிருதுவான ஆகாரம், வெந்நீர் ஒத்தடம், மருத்துவர் சொன்னால் இரவில் பல்லுறை. சூயிங்கம் வேண்டாம் (பாக்கைப்பற்றி விசுவாசிகளுக்குச் சொல்லவேண்டுமோ!). உதடுகள் மூடியிருந்தாலும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாதிருப்பதே இயல்பு. இரயிலில் அமர்ந்திருக்கையில் இதைக் கவனியுங்கள்.

ஆனால் நடக்கையில் தாடைவலியோடு மார்பில் பாரமும் வியர்வையும் சேர்ந்துவந்தால், அது இருதயநோயாயிருக்கலாம். அப்போது தாமதியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். ஜெபத்தை வழியிலேயே செய்துகொள்ளலாம்.