‘கு’ உருபும் சராசரி வேகமும்: சாத்தம் ஜெட்டியில் ஒரு கணக்கு

அறிமுக இயற்பியலில் எளிதென்று எண்ணி விரைந்து கடக்கப்படும் பகுதி சராசரி வேகம். போகும்போது மணிக்கு 20 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது மணிக்கு 30 கி.மீ.; சராசரி வேகம் என்ன? வகுப்பில் முதலில் எழும் விடை 25. சரியான விடை 24. ஆசிரியர் கரும்பலகையில் 2ab/(a+b) என்ற சூத்திரத்தை எழுதுவார். மாணவர் மனப்பாடம் செய்வார். அடுத்த தேர்வில் இரு தூரங்களும் சமமில்லாத கணக்கிலும் அதே சூத்திரத்தைப் போட்டு மதிப்பெண் இழப்பார். இதைக் கணிதத் திறன் குறைவு என்று முடித்துவிடுவது வழக்கம். ஆனால் கூட்டவும் வகுக்கவும் நன்கு தெரிந்தவரே இங்கு வழுக்குகிறார். சிக்கல் எண்ணில் இல்லை, சொல்லில் இருக்கிறது.

‘சராசரி’ என்றதும் கூட்டி, எண்ணிக்கையால் வகுப்பதே பள்ளியில் பழகிய செயல். ‘சராசரி வேகம்’ என்ற தொடர் அதே செயலை வேகங்களின் மேல் செய்யச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. வரையறையோ வேறு: மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். அதில் வேகங்களைக் கூட்டுவதற்கு இடமே இல்லை. பெயர் ஒரு பக்கம் இழுக்கிறது, வரையறை மறுபக்கம் நிற்கிறது.

இந்த முடிச்சை அவிழ்க்கும் கருவி தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. ‘மணிக்கு 20 கி.மீ.’ என்பதில் வீதத்தைச் சுமப்பது நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’. அது நேரத்தோடு சேர்ந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வேகத்திலும் சம நேரம் பயணம் செய்திருந்தால் வேகங்களை நேரடியாகச் சராசரி காண்பது சரி. மேற்கண்ட கணக்கில் சமமாக இருப்பது நேரமன்று, தூரம். எனவே உருபைத் தூரத்திற்கு மாற்றிச் சொல்ல வேண்டும். மணிக்கு 20 கி.மீ. என்பது கிலோமீட்டருக்கு 3 நிமிடம். மணிக்கு 30 கி.மீ. என்பது கிலோமீட்டருக்கு 2 நிமிடம். இப்போது வழக்கமான சராசரியே போதும்: கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம், அதாவது மணிக்கு 24 கி.மீ. ‘கு’ எதனோடு சேர்கிறதோ அது சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே விதி. இசைச் சராசரி என்ற பெயரை அறியாத மாணவரும் இதைச் செய்யலாம்.

இந்த வழுக்கல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் ஐன்ஸ்டைனுக்கு ஒரு புதிர் அனுப்பினார். பழைய கார் ஒன்று ஒரு மைல் மேட்டை மணிக்கு 15 மைல் வேகத்தில் ஏறுகிறது. மொத்தச் சராசரி 30 ஆக வேண்டுமெனில் இறங்கும் மைலை எந்த வேகத்தில் கடக்க வேண்டும்? 45 என்று நாவில் வரும். ஆனால் ஏறுவதற்கே 4 நிமிடம் ஆகிவிட்டது; இரண்டு மைலை மணிக்கு 30 மைலில் கடக்க ஆகும் நேரமும் அதே 4 நிமிடம். இறங்குவதற்கு நேரமே மிச்சமில்லை. கணக்கிட்டுப் பார்த்த பிறகே தமக்கும் இது புலப்பட்டதாக ஐன்ஸ்டைன் பதில் எழுதினார்.

இனிக் கணக்கின் களத்தைப் பார்ப்போம். பாடநூல்களில் கார்கள் நிற்பதில்லை, இரயில்கள் தாமதிப்பதில்லை. அந்தமான் தீவுகளில் பயணம் என்பதோ பாதி காத்திருப்பு. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரோடு பாலத்தால் இணைந்த சிறு தீவு சாத்தம். 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் முதற்குடியிருப்பை அமைத்த இடமும், 1883இல் தொடங்கிய அரசு மர அறுவை ஆலை நிற்கும் இடமும் அதுவே. அங்குள்ள ஜெட்டியிலிருந்து எதிர்க்கரையான பாம்பூ ஃப்ளாட்டுக்கு மக்களும் வாகனங்களும் படகில் செல்கின்றனர். தரைவழியே செல்வதாயின் நெடுந்தொலைவு சுற்ற வேண்டும்.

எதிர்க்கரையிலிருந்து நகரத்துக் கல்லூரிக்கு வரும் ஒரு மாணவியைக் கற்பனை செய்வோம். எண்கள் கணக்கின் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. பேருந்தில் 6 கி.மீ., மணிக்கு 24 கி.மீ. வேகம்: 15 நிமிடம். ஜெட்டியில் காத்திருப்பு 20 நிமிடம். படகில் 2 கி.மீ., மணிக்கு 12: 10 நிமிடம். சாத்தத்திலிருந்து ஆட்டோவில் 3 கி.மீ., மணிக்கு 18: 10 நிமிடம். மொத்தம் 11 கி.மீ., 55 நிமிடம்; சராசரி வேகம் மணிக்கு 12 கி.மீ. மூன்று வேகங்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் 18 வரும். அதை நம்பி 37 நிமிடம் போதும் என்று புறப்பட்டால் தேர்வு அரங்கிற்கு 18 நிமிடம் தாமதமாகவே சென்று சேர்வார்.

இயங்காத நேரத்தை இயக்கக் கணக்கில் சேர்ப்பது முறையா என்று சிலர் கேட்கலாம். வரையறை ‘மொத்த நேரம்’ என்றே சொல்கிறது. நிற்கும் பொருளுக்கும் வேகம் உண்டு, அது சுழியம். காத்திருப்பைச் சேர்ப்பதால் பாடம் சிக்கலாவதில்லை, வரையறையின் முழுப்பொருள் துலங்குகிறது.

மேலும் ஒன்று துலங்குகிறது. படகின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் மிச்சமாவது 5 நிமிடம். படகுகளை அடிக்கடி விட்டுக் காத்திருப்பைப் பாதியாக்கினால் மிச்சமாவது 10 நிமிடம். எதற்குச் செலவிடுவது என்பது பொதுக்கொள்கை வினா. அதற்கு விடை காணத் தேவையானது பள்ளி இயற்பியலே. இத்தகைய கணக்கைச் செய்து பழகிய மாணவர் நாளை ஒரு திட்ட அறிக்கையைக் கேள்வி கேட்கும் திறம் பெறுவார்.

கலைச்சொல்லிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘வேகம்’ என்பது திசையற்ற அளவு, திசையுடையது ‘திசைவேகம்’. இலங்கைப் பாடநூலிலோ திசையற்றது ‘கதி’, திசையுடையதே ‘வேகம்’. ஒரே சொல் இரு கரைகளில் இரு பொருள் தருகிறது. தமிழகத்திலிருந்து வந்தோரும், இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர் தோட்டங்களில் குடியமர்ந்தோரும் வாழும் தீவுக்கூட்டம் இது. தமிழ் இங்குப் பயிற்றுமொழிகளுள் ஒன்று. எந்நூலின் சொல்லைக் கையாள்கிறோம் என்று ஆசிரியர் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

தமிழில் கற்பிப்பதை ஆங்கில நூலின் எண்களையும் பெயர்களையும் மாற்றி எழுதுவதாகச் சுருக்கிக்கொண்டோம். ‘கு’ உருபு எங்கே சேர்கிறது என்று கேட்கும் ஒரு வினாவும், காத்திருப்பைக் கணக்கில் சேர்க்கும் ஒரு பயிற்சியும் இயக்கவியலின் முதல் வாரத்தில் இடம்பெற்றால், சூத்திரத்தை மறந்த மாணவரும் விடையை அடைவார். இயற்பியல் ஆசிரியரும் மொழி ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து வினாத்தாள் அமைக்கும் வழக்கம் இத்தகைய சிறு கணக்கிலிருந்து தொடங்கட்டும்.