முதல் பந்திக்கு 118 வருஷம்

கலியாண வீட்டில் இரண்டாம் பந்தியில் உட்காரச் சொன்னால் சம்பந்தி சும்மா இருப்பாரா? பிரான்ஸ் தேசத்தில் ஒரு திராட்சைத் தோட்டக் குடும்பத்துக்கு அந்த மனத்தாங்கல் 118 வருஷம் தீரவில்லை!

1855-ஆம் வருஷத்துப் பாரிஸ் பொருட்காட்சிக்காக, போர்டோ பிரதேசத்துச் சிவப்பு ஒயின்களைத் தரகர்கள் விலையை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் நான்கும் முதல் வகுப்பு. மூத்தோன் இரண்டாம் வகுப்பு.

1922-ல், 20 வயதில், பிலிப் த ரோத்ஷீல்ட் மூத்தோன் பொறுப்பை ஏற்றார். ஒயினைப் பீப்பாயோடு வியாபாரிகளிடம் ஒப்படைக்கும் வழக்கத்தை விட்டு, 1924-ஆம் வருஷத்து ஒயினைத் தோட்டத்திலேயே புட்டியில் அடைத்தார். முதல் வகுப்புக்காக வருஷக்கணக்கில் விடாமல் வாதாடினார். 1973-ல் கிடைத்தது! அந்த வருஷத்து லேபிளில், அதே வருஷம் காலமான பிக்காஸோவின் சித்திரம்.

மரியாதையைக் கேட்டும் வாங்கலாம். கிடைக்கிற வரையில் சரக்கு கெடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்!