கோனை இறுக்குவது வைத்தியம் அல்ல

இரண்டு கிழமைக்கு முன் எங்கள் பாடசாலையின் கணித ஆசிரியர் ஒருவர் ஒலுவில் பக்கம் பைக்கோடு விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஓஎல் பிள்ளைகளுக்கு இன்று கணிதம் எடுக்க ஆளில்லை. வழமையாக டேங்கின் மேல் உட்கார்ந்து வரும் அவருடைய நான்கு வயது மகள் அன்று காய்ச்சலோடு வீட்டில் நின்றாள். அல்ஹம்துலில்லாஹ். இல்லாவிட்டால் இந்தப் பதிவை எழுத எங்களுக்குக் கை வந்திருக்காது.

பார்க்கப் போன எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "என்ன செய்யிற சேர், நஸீபு." நாங்களும் அதையே சொன்னோம். வெளியே வந்து வாசலில் சாத்தி வைத்திருந்த பைக்கைப் பார்த்த பிறகுதான் வெட்கமாகிப் போனது.

கத்ரை நம்புகிறோம். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மூன்று மாதமாக "ஹேண்டில் ஆடுது, ஹேண்டில் ஆடுது" என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டே இருந்தாரே, அதை யாருடைய கணக்கில் எழுதுவது?

நடந்ததைச் சொல்கிறோம். 60இல் போய்க்கொண்டிருக்கும்போது எக்ஸலேட்டரை விட்டால், வேகம் 50க்கு இறங்கும் நேரம் ஹேண்டில் இரண்டு பக்கமும் படபடவென்று அடிக்கும். கராஜுக்குப் போனார். "கோன் லூஸ் சேர், இறுக்கித் தாறன்." ஒரு கிழமை நன்றாக இருந்தது. பிறகு மீண்டும் ஆட்டம். மீண்டும் இறுக்கினார்கள். மூன்றாம் தடவை கோன் செட்டையே மாற்றி, முன் டயரும் புதிதாகப் போட்டு, புதுக் கோனையும் இறுக்கு இறுக்கென்று இறுக்கி அனுப்பினார்கள். ஆட்டம் குறைந்தது. அவரும் சந்தோஷமாக வந்தார்.

விழுந்தது 60இல் அல்ல. 20க்கும் குறைவான வேகத்தில், வளைவில் கிடந்த மணலை விலத்தும்போது. ஹேண்டில் திரும்ப வேண்டிய நேரத்தில் இலேசாகத் திரும்பவில்லை.

பைக் எப்படி நிமிர்ந்து ஓடுகிறது என்று ஒரு கணம் யோசியுங்கள். நாம் நேராகப் போவதாக நினைத்தாலும் முன்சில்லு ஓயாமல் சிறிது இடம், சிறிது வலம் திரும்பித் தன்னைத்தானே சமாளித்துக்கொண்டுதான் போகிறது. கோனை அளவுக்கு மீறி இறுக்கினால் அந்தச் சமாளிப்பு செத்துவிடும். மெதுவாகப் போகும்போது பைக் குடித்தவன்போல் அங்குமிங்கும் அலையும். விழுந்த பிறகு ஊரில் வயதான மெக்கானிக் ஒருவர் முன்சில்லைத் தூக்கி ஹேண்டிலை விரலால் தட்டினார். தானாக ஒரு பக்கம் சாய வேண்டிய ஹேண்டில் நடுவிலேயே நின்றது. பிறகு பின்னால் போய்ப் பின்சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். "டக்... டக்..." பின்சில்லு பெயாரிங் தேய்ந்து போய்க் கிடந்தது. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிடம்கூடப் போகவில்லை.

நோய் பின்னால். மருந்து முன்னால். கடைசியில் மருந்துதான் ஆளை விழுத்தியது.

இப்போது எல்லோரும் அந்தக் கராஜைத் திட்டுகிறார்கள். திட்டுவது இலகு. ஆனால் ஒரு கேள்வி. ஒரு மெக்கானிக் அரை மணித்தியாலம் மெனக்கெட்டு, எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்து, "சேர், டயரில் காத்துத்தான் குறைவு, வேற பிழை இல்ல" என்று சொன்னால் நம்மில் எத்தனை பேர் அவருக்குக் காசு கொடுப்போம்? "ஒண்டும் மாத்தல்லியே, எதுக்குக் காசு?" என்றுதானே கேட்போம்? சாமானுக்குக் காசு கொடுப்போம், ஸ்பெனர் பிடித்ததற்குக் காசு கொடுப்போம், பிழையைக் கண்டுபிடித்த மூளைக்குக் கொடுக்க மாட்டோம். பிறகு அவர் சாமான் மாற்றாமல் வேறு என்ன செய்வார்?

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கணக்கில் பிழை விட்ட பிள்ளையிடம் எந்த வரியில் பிழைத்தாய் என்று பார்க்காமல், முழுப் பயிற்சியையும் பத்துத் தரம் எழுதச் சொல்வதும் கோனை இறுக்குகிற வேலைதான்.

ஆகவே, ஹேண்டில் ஆடினால் கராஜுக்குப் போக முன் மூன்று கேள்விக்கு விடை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த வேகத்தில் ஆடுகிறது? எக்ஸலேட்டரை விடும்போதா, முன் ப்ரேக் பிடிக்கும்போதா, எப்போதுமா? தனியாகப் போகும்போதா, பின்னால் ஆளோ பாரமோ இருக்கும்போதா? ப்ரேக் பிடித்தால் மட்டும் ஆடினால் டிஸ்க் வளைந்திருக்கலாம், அல்லது கோன் உண்மையிலேயே லூஸாக இருக்கலாம். பாரம் ஏற்றினால் மட்டும் ஆடினால் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்னால் பெட்டி கட்டி அதில் புத்தகமூட்டை ஏற்றினால் முன்சில்லின் பாரம் குறையும். அதுவே ஆட்டத்துக்கு ஒரு காரணம். சோதிக்கிறோம் என்று ஓடும் பைக்கில் இரண்டு கையையும் விட்டுப் பார்க்காதீர்கள்.

பிறகு காசு செலவில்லாத இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் காற்று. 100 முதல் 150 சிசி பைக்குகள் பலவற்றுக்கு முன்னால் 25 அளவும், பின்னால் ஆளைப் பொறுத்து 28 முதல் 33 வரையும் வரும். உங்கள் பைக்குக்கு உரிய அளவு அதன் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கிறது. அடுத்தது டயர். உள்ளங்கையால் தடவினால் மேடு பள்ளம் தெரிகிறதா? ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் கோடு சுற்றிவர ஒரே அளவில் இருக்கிறதா? இல்லாவிட்டால் டயர் சரியாக உட்காரவில்லை.

அதற்குப் பிறகு நடு ஸ்டாண்டில் போட்டு, ஒருவர் பின்னால் அமத்த, முன்சில்லைத் தூக்குங்கள். ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலைப் பிடித்துக்கொண்டு சில்லைச் சுற்றுங்கள். ரிம் 2 மில்லிமீற்றருக்கு மேல் பக்கம் போய் வந்தால் வளைவு. கம்பி ரிம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பெனரால் தட்டுங்கள். இறுக்கமான கம்பி கிண்ணென்று கேட்கும், தளர்ந்தது செத்த சத்தம் போடும். சில்லின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? அது பெயாரிங். இதே சோதனையைப் பின்சில்லுக்கும் செய்யுங்கள். ஸ்விங் ஆமைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அது அசைந்தால் புஷ் போய்விட்டது. செயின் இழுக்கும் இடத்தில் இரண்டு பக்க அடையாளமும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியில்தான் கோன். ஷொக்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். மேலே "டக்" என்றால் லூஸ். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் இருந்தால் கோனில் பள்ளம் விழுந்துவிட்டது. அதை இறுக்கிப் பிரயோசனமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

2020இல் வாகன இறக்குமதி நின்றது. மீண்டும் திறந்தது 2025இல். இடையில் நாம் எல்லோரும் இருந்த பைக்கையே ஒட்டி ஒட்டி ஓடினோம். நம் தெருவில் ஓடுவது பெரும்பாலும் வயதான பைக்குகள். வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதி கேட்கிறார்கள், புகைப் பரிசோதனை கேட்கிறார்கள். சில்லு நேராகச் சுற்றுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. அரசாங்கம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டுமா? டேங்கில் உட்கார்ந்து வருவது அரசாங்கத்தின் பிள்ளையா?

ஓடும்போது ஆட்டம் பிடித்துவிட்டால் ஹேண்டிலோடு மல்லுக்கட்டாதீர்கள். முன் ப்ரேக்கை அமத்திப் பிடிக்காதீர்கள். முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்து, எக்ஸலேட்டரை மெதுவாக விட்டு, வேகம் தானாக இறங்க விடுங்கள். பிறகு அந்தப் பைக்கைச் சோதிக்காமல் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

இதைப் பகிர முன், வாசலில் நிற்கும் உங்கள் பைக்கின் முன்சில்லை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். பின்சில்லையும் அசைத்துப் பாருங்கள். அடுத்த முறை ஒரு மெக்கானிக் "பிழை ஒண்டும் இல்ல" என்று சொன்னால், அதற்கும் காசைக் கையில் கொடுத்து ஒரு ஜஸாக்கல்லாஹும் சொல்லிவிட்டு வாருங்கள்.